படிக்கக் கூடாத நாளில் ஒரு கண் பரிசோதனை

மஞ்சள் புடவை. அம்மாவுடையது என்று பார்த்தவுடனே தெரிந்தது. இடுப்பிலும் தோளிலும் குத்தியிருந்த ஊக்குகளின் தயவில்தான் அது நின்றுகொண்டிருந்தது. பன்னிரண்டு வயதுப் பெண். தரையில் நாங்கள் சாக்பீஸால் போட்டிருந்த கோட்டின்மேல் வந்து நின்று, இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

ஆறு மீட்டர் தள்ளிச் சுவரில் எங்கள் கண் பரிசோதனை அட்டை. முதல் வரியில் ஒரே ஒரு வங்காள எழுத்து, தேங்காய் மூடி அளவுக்கு. குச்சியால் அதைத் தொட்டுக் காட்டினேன்.

அவள் எழுத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மிக இனிமையாகச் சிரித்தாள். பிறகு உதடுகளை இறுக மூடிக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினாள்.

அடுத்தவளும் அப்படியே. அதற்கடுத்தவளும் அப்படியே. சிரிப்பு, மூடிய வாய், தலையாட்டல். ஒருத்தி மட்டும் பாவமாகக் கைகூப்பிவிட்டுப் போனாள்.

என்னோடு வந்திருந்த லிம், குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"புஷ்பா, இது பெரிய விசயம்லா. இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளைக்கும் கண்ணு தெரியல."

தேங்காய் மூடி அளவு எழுத்து தெரியாத பெண்கள், வராந்தாவில் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் தூணில் மோதவில்லை. அதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. படித்தவர்கள் அல்லவா?

குழாயோடு வந்தவர்

லிம்மைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலேசியாவில், ஈப்போவில் என் கண்ணாடிக் கடைக்கு இரண்டு தெரு தள்ளி அவருடைய கடை. தொழிலில் போட்டியாளர், மற்ற நேரத்தில் நண்பர். ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்த சீனர், ஆகையால் தமிழ் சரளமாக வரும். மரியாதை விகுதி மட்டும் வராது. கோயில் தலைவரையே "வா, உக்காரு, கண்ணைக் காட்டு" என்றுதான் வரவேற்பார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

எங்களைப் போன்ற கண்ணாடிக் கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து, வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நாட்டுக்குப் போய்ப் பள்ளிப் பிள்ளைகளின் கண்களைச் சோதித்து, வேண்டியவர்களுக்குக் கண்ணாடி செய்து கொடுத்துவிட்டு வருவோம். இந்த யோசனையை முதலில் என் கணவரிடம் சொன்னபோது அவர் செய்தித்தாளை இறக்காமலே கேட்டார்: "நம்ம கடைக்கு எதிர்லயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கே, அதுக்கு விமானம் ஏற வேணாமே?" நியாயமான கேள்வி. எதிர்ப் பள்ளிக்கூடத்தையும் முடித்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். அப்படியும் அவர் என்னை விமான நிலையத்தில் விடும்போது ஒரு மாதிரியாகத்தான் சிரித்தார்.

அந்த வருடம் கொல்கத்தா. லிம் ஒரு மாதமாகத் தயாரானார். ஆங்கில எழுத்து அட்டை வங்காளப் பிள்ளைகளுக்கு நியாயம் செய்யாது என்று, வங்காள எழுத்துகளில் புதிதாக ஒரு அட்டை செய்தார். ஈப்போ உணவகத்தில் ரொட்டி போடும் பங்களாதேஷ் இளைஞரிடம் ஒவ்வொரு எழுத்தையும் காட்டிச் சரிபார்த்தார். சுருட்டி, நீளக் குழாய்க்குள் போட்டு, விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள்கூட அவ்வளவு கவனமாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பழைய அட்டையை எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார்.

கார்டன் ரீச் வீடு

மற்ற குழுவினர் பாலிகஞ்ச் பக்கம் ஒரு விடுதியில் இருந்தார்கள். எனக்குக் கார்டன் ரீச்சில், ரயில்வே குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு தங்க இடம் கிடைத்தது. வீட்டுக்காரர் பாளையங்கோட்டைக்காரர், மாற்றலாகி வந்து அங்கேயே நிலைத்துவிட்டவர். அவர் மகள் நந்தினி கல்லூரியில் படிக்கிறாள். அவள்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர்.

நந்தினியின் தமிழ் ஒரு தனிச் சுவை. அப்பாவின் திருநெல்வேலி, கல்லூரியின் ஆங்கிலம், தெருவின் வங்காளம் எல்லாம் ஒரே வாக்கியத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும். வந்த அன்றே என்னை "மாஷி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அம்மாவின் தங்கையை அப்படிச் சொல்வார்களாம். மலேசியாவில் எனக்கு எத்தனையோ 'ஆன்ட்டி' கிடைத்திருக்கிறது. மாஷி ஆனதில் ஒரு குளிர்ச்சி இருந்தது.

பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு, இடம் பார்க்க அவளோடும் லிம்மோடும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். குறுகிய சந்துக்குள் பழைய கட்டடம், பெண் பிள்ளைகள் மட்டும் படிப்பது. ஆறாம் வகுப்பு ஆசிரியை சுலேகா எங்களை வரவேற்றார். பிள்ளைகள் ஆசிரியையை அங்கே "திதிமணி" என்றுதான் அழைக்கிறார்கள். சுலேகா திதிமணிக்கு விறைப்பான பருத்திப் புடவை, அதைவிட விறைப்பான முதுகு.

"வியாழக்கிழமை வாங்க. சரஸ்வதி பூஜை. அன்னிக்கு ஒரு பிள்ளைகூட ஆப்சென்ட் ஆகாது, வகுப்பும் கிடையாது" என்றார். இதைவிட நல்ல நாள் கிடைக்குமா என்று நானும் லிம்மும் மகிழ்ந்துபோனோம்.

அப்போதுதான் அந்த இரண்டு பெண்களையும் பார்த்தேன். முன் பெஞ்சில், ஆசிரியையின் மூக்குக்கு நேர் கீழே, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒல்லியாக, சிறிய முகத்தோடு இருந்தவள் பியாலி. பக்கத்தில் வளர்த்தி கூடிய டும்பா.

"இந்த ரெண்டும்தான் எனக்குத் தலைவலி" என்று சுலேகா திதிமணி அவர்கள் காதில் விழும்படியே சொன்னார். நந்தினி எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். "போன வருஷம் பூரா குசுகுசு குசுகுசு. முன்னால கொண்டுவந்து உக்கார வெச்சும் நிக்கல. மார்க் மட்டும் ரெண்டு பேருக்கும் நல்லா வந்துடுது, அதான் எரிச்சல். திங்கக்கிழமை வகுப்பை ரெண்டா பிரிக்கிறேன். ஒருத்தி ஏ செக்ஷன், இன்னொருத்தி பி."

பியாலி சட்டென்று டும்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சினேகிதிகளைப் பிரிப்பது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நடப்பதுதான், ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்தது வெறும் வருத்தம் இல்லை, பயம். வெளியூர்க்காரி, என்ன பேச முடியும்? சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

நந்தினி தலையில் அடித்துக்கொண்டாள்

பூஜையன்று நந்தினி தன் கல்லூரியில் பூப்போட்டு வணங்கிவிட்டு நேராகப் பள்ளிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். கொல்கத்தாவில் இளசுகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்ள இந்த நாளை விட்டால் வேறு நாள் இல்லையாம். அதனால் அவள் தாமதத்தை நான் பெரிதுபடுத்தவில்லை. கரியாஹாட் கடைத்தெருவில் என்னையும் அலையவைத்து வாங்கிய மஞ்சள் புடவைக்கு அந்த அளவு நியாயமாவது கிடைக்க வேண்டும்.

அவள் வராததால் நாங்களே சைகையில் ஆரம்பித்தோம். விளைவைத்தான் மேலே சொன்னேன்.

எனக்குக் குழப்பம். என் கடைக்கு வரும் லாரி ஓட்டுநர்கள், லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டுமென்று, அட்டையை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். நான் குச்சியை எடுப்பதற்கு முன்பே கடைசி வரிவரை ஒப்பித்துவிடுவார்கள். தெரியாததைத் தெரியும் என்று சாதிப்பவர்களை ஆயுசு முழுக்கப் பார்த்தாயிற்று. தெரிவதைத் தெரியாது என்பவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

நந்தினி கொசுவத்தைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தாள். சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். பளாரென்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஏ மா! மாஷி, இன்னிக்கு யாரும் படிக்க மாட்டாங்க! புக் எல்லாம் டாகுர் காலடில, சாமி காலடில இருக்கு. ஒரு எழுத்து படிச்சாலும் வித்யா போயிடும்!"

எனக்குத் தெரியாததா இது! சரஸ்வதி பூஜையை நான் சிறுமியாக இருந்தபோது உயிராக நேசித்ததே அதற்காகத்தானே. புத்தகத்தைக் கட்டிச் சாமி முன் வைத்தாயிற்று, இனி யாரும் படி என்று சொல்ல முடியாது. கணக்குப் புத்தகத்தை நான்தான் முதல் ஆளாகக் கொண்டுபோய் அடியில் வைப்பேன். ஆனால் எனக்குச் சரஸ்வதி பூஜை என்றால் புரட்டாசி, கொலு, சுண்டல். இங்கே தை மாதத்தில், கிச்சடி வாசனையோடு, தனியாக வந்து நிற்கிறாள். சுண்டல் இல்லாத இடத்தில் என் மூளை அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

நந்தினி வீட்டில் இரண்டு சரஸ்வதி பூஜையும் உண்டு. வருடத்தில் இரண்டு முறை புத்தகத்தைத் தொடாமல் இருக்கலாம். "அதுக்காகவே அப்பா இங்க டிரான்ஸ்ஃபர் ஆனதை நான் மன்னிச்சுட்டேன்" என்பாள்.

லிம் மெதுவாகத் தன் அட்டையின் அருகில் போய் நின்றார். ஒரு மாத உழைப்பு. "எழுத்து எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று நந்தினியிடம் கேட்டார். சரியாக இருக்கிறது என்றாள். அதுவரைக்கும் நிம்மதி என்பதுபோல் அதைக் கழற்றிச் சுருட்டினார்.

சீப்பு

திரும்பிப் போக முடியாது. மறுநாள் முதல் வேறு பள்ளிக்கூடங்கள், அதன்பிறகு விமானம். இன்று சோதிக்காவிட்டால் இந்தப் பிள்ளைகளுக்கு இந்த வருடம் கண்ணாடி இல்லை.

அலங்காரத்துக்கு வெட்டியதுபோக மிஞ்சிய கறுப்புத் தாள் ஒரு மூலையில் கிடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு என்று எங்கள் தொழிலில் ஒரு பழைய முறை உண்டு. ஆங்கில 'ஈ' எழுத்தை இடமும் வலமும் மேலும் கீழுமாகத் திருப்பி ஒட்டி, அதன் கால்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கேட்போம், பிள்ளை கையால் காட்டினால் போதும். லிம்முக்கு ஒவ்வொரு வரியின் அளவும் தலைகீழ்ப் பாடம். அவர் அளந்து கொடுக்க, நான் வெட்ட, நந்தினி பெரிய வெள்ளைத் தாளில் ஒட்டினாள்.

வரிசையின் முதலில் நின்ற சிறுமி அதை நன்றாகப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள்.

"அது ஈ தானேங்கறா. படுத்திருந்தாலும் ஈ ஈதான், படிக்க முடியாதாம்" என்றாள் நந்தினி.

"ஈ இல்லம்மா, சீப்பு" என்றேன். "சீப்போட பல்லு எந்தப் பக்கம் இருக்குன்னு காட்டினா போதும்."

பெண்கள் கூடிப் பேசினார்கள். பெரிய விவாதம். அந்த நேரம் பார்த்துப் புரோகிதர் வந்து சேர்ந்தார். ஒரே நாளில் ஊரெல்லாம் பூஜை என்பதால் புரோகிதர் கிடைப்பது குதிரைக் கொம்பு. இவரையும் சுலேகா திதிமணி வேறு ஒரு பள்ளிக்கூட வாசலில் மடக்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுதான் வந்திருந்தார். வழக்கு அவரிடம் போனது. அவர் செருப்பைக் கழற்றியபடியே தாளை ஒரு பார்வை பார்த்தார்.

"சீப்புதான். தாராளமாப் பாருங்க. மா சரஸ்வதியும் தலை வாரிக்கிறவதானே" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

அதன்பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பூப்போட்டுக் கும்பிட்டுவிட்டு வந்து, இலந்தைப் பழத்தை வாயில் அதக்கிக்கொண்டு, ஒவ்வொருத்தியாகச் சீப்பின் பல்லைக் காட்டினார்கள். லிம் பயந்த கொள்ளைநோய் குணமாகிவிட்டது. பெரும்பாலானவர்களுக்குக் கழுகுப் பார்வை.

எல்லாவற்றையும் பார்த்தவள்

பியாலியின் முறை வந்தது. அவளுக்கு அடுத்து, முதுகோடு ஒட்டியபடி டும்பா.

வலது கண். முதல் வரி சரி. இரண்டாவது சரி. குச்சி நகர்ந்ததும் கை பட்பட்டென்று திரும்பியது. கடைசி வரியையும் தவறில்லாமல் காட்டிவிட்டாள். அந்த வரி லிம்முக்கே கண்ணாடி இல்லாமல் தெரியாது. எனக்குக் கண்ணாடி இருந்தும் தெரியாது.

"இந்தப் பிள்ளை பெரிய ஆளுலா!" என்று லிம் கைதட்டினார்.

எனக்குத்தான் ஏதோ உறுத்தியது. அவள் தாளைப் பார்ப்பதாகவே தோன்றவில்லை. யாரோ பேசுவதைக் கவனித்துக் கேட்பவள்போல் தலையைச் சாய்த்திருந்தாள்.

அந்தச் சமயத்தில் புதிதாக வெள்ளையடித்த சுவரிலிருந்து டேப் விட்டுக்கொண்டு தாள் ஒரு பக்கம் தொங்கியது. ஒட்டினால் மறுபடி விழுந்தது. வரிசையில் உயரமானவள் டும்பாதான். "நீ வாம்மா, வந்து இதைப் பிடிச்சுக்கோ" என்று சைகை காட்டினேன். அவள் நகர மனமில்லாமல் நின்றாள். நந்தினி போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து, தாளின் இரண்டு மேல்முனைகளையும் அவள் கையில் கொடுத்தாள்.

இடது கண். முதல் வரி, பெரிய சீப்பு. குச்சியை வைத்தேன்.

பியாலி கையை அசைக்கவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே வேறு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். மறுபடி முன்னால் திரும்பினாள்.

இந்தப் பக்கம் டும்பாவின் பாடு சொல்லி மாளாது. இரண்டு கையிலும் தாள். கண்விழிகளை வலது பக்கமாக உருட்டினாள். தலையை வலது பக்கமாக வெட்டினாள். உதட்டைக் கோணி வலது பக்கம் காட்டினாள். வராந்தாவில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்தது. சிலர் சிரித்தேவிட்டார்கள். யாருக்காக அவ்வளவு பாடுபட்டாளோ அவள் ஒருத்திக்குத்தான் தெரியவில்லை.

நான் குச்சியைக் கீழே வைத்துவிட்டேன். வலது கண்ணுக்கு அத்தனை பதிலும் பின்னாலிருந்து, புடவை மறைவில் அவள் முதுகைத் தொட்ட டும்பாவின் விரல் வழியாகத்தான் வந்திருக்கிறது.

லிம் பியாலியை உட்காரவைத்து, சிறு விளக்கால் இரண்டு கண்களையும் பார்த்தார். பிறகு வில்லைகளை மாற்றி மாற்றிப் போடும் கனத்த இரும்புக் கண்ணாடியை அவள் மூக்கில் மாட்டினார். இரண்டு கண்ணுக்கும் நல்ல கனமான மைனஸ் பவர். முன் பெஞ்சில் உட்கார்ந்தாலும் கரும்பலகை வெறும் கறுப்புத்தான்.

"ஏன் பிள்ளை யாருகிட்டயும் சொல்லல, கண்ணு தெரியலன்னு?" என்றார் லிம். அவர் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதில்லை.

பியாலி சொன்னதை நந்தினி தமிழில் சொன்னாள். "போர்டுல இருக்கறது பக்கத்துல இருக்கறவங்க சொல்லித்தான் தெரியும்னு நெனச்சேன். எல்லாருக்கும் அப்படித்தான்னு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருடமாகக் கண்ணாடி விற்கிறேன். இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை.

ஆறு மீட்டர் தூரத்தில்

சுலேகா திதிமணி நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஒரு வருடக் குசுகுசுப்பு என்னவென்று அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நல்லதாப் போச்சு. கண்ணாடி வந்தா இவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. திங்கக்கிழமை பிரிச்சு உக்கார வைக்க இனி ஒரு கஷ்டமும் இல்லை."

கணக்குப்படி சரிதான். அந்தச் சரியான கணக்கைக் கேட்டு எனக்குப் பகீரென்றது. கண்ணாடியைக் கொடுத்து நாங்களே அல்லவா இவர்களைப் பிரிக்கிறோம்?

பியாலி இரும்புக் கண்ணாடியோடு வராந்தாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வை தாளிருக்கும் பக்கம் போய் நின்றது.

"திதிமணி, டும்பா அழுறா."

எல்லோரும் திரும்பினோம். தாளை உயர்த்திப் பிடித்தபடி, முகத்தைத் துடைக்கக் கையில்லாமல், டும்பா சத்தமின்றி அழுதுகொண்டிருந்தாள். ஆறு மீட்டர் தூரத்திலிருந்து அதை முதலில் பார்த்தவள் பியாலி.

"எதுக்கு அழுகை? உனக்குத்தான் கண் நல்லாத் தெரியுதே?" என்றார் சுலேகா திதிமணி.

பியாலிதான் பேசினாள், விடுவிடுவென்று. நந்தினியின் தமிழ் அதன் பின்னாலேயே ஓடியது.

"அவ போர்டைச் சொல்லுவா, நான் கணக்கைச் சொல்லுவேன். அவளுக்குக் கணக்கு வராது திதிமணி, ஒண்ணுமே வராது. ரெண்டு பேரும் பாதிப் பாதி. இப்போ எனக்கு போர்டு வந்துடுச்சு. அவளுக்குக் கணக்கு யாரு சொல்லுவா?"

உள்ளே புரோகிதரின் மணி அவசரமாக அடித்துக்கொண்டிருந்தது. லிம் எழுந்து போய், டும்பாவின் கையிலிருந்து தாளை வாங்கித் தானே பிடித்துக்கொண்டார். அவள் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

சுலேகா திதிமணியின் விறைப்பான முதுகு கொஞ்சம் தளர்ந்தது. ஆனாலும் அவர் ஆசிரியை.

"சரி, ரெண்டு பேரும் ஏ செக்ஷன். கணக்கை இன்டர்வல்ல சொல்லிக் குடு. ஆனா ஒரே பெஞ்ச் கிடையாது, சொல்லிட்டேன். ஒருத்தி முதல் பெஞ்ச், ஒருத்தி கடைசி பெஞ்ச்."

பியாலி யோசித்தாள். மூக்கிலிருந்து சரிந்த கண்ணாடியை ஒரு விரலால் தூக்கிவிட்டுக்கொண்டு, தூரத்தில் நின்ற டும்பாவை நன்றாகப் பார்த்தாள்.

"பரவால்ல திதிமணி. இப்போ அவ எங்க உக்காந்தாலும் எனக்குத் தெரியும்."